வட்டத்தில் உட்கார்ந்த கேமரா

தரையில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் பேசுகிறார். நாம் பார்த்துப் பழகிய ஆவணப்படமாக இருந்தால் இந்நேரம் கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்தில் போயிருக்கும். நெற்றிச் சுருக்கம் தெரியும், கண் கலங்கினால் இன்னும் கொஞ்சம் நெருங்கும், பின்னால் மெல்ல ஒரு இசை எழும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. கேமராவும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாகத் தரையில் உட்கார்ந்துகொண்டதுபோல, எல்லோருடைய கண்மட்டத்திலேயே இருக்கிறது. பேசுகிறவர், பக்கத்தில் இருப்பவர், எதிரில் இருப்பவர், பின்னால் இருக்கும் மண், மரம், வானம் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள். லென்ஸ் அகலமானது என்பதால் ஓரத்தில் இருப்பவர்கள் லேசாக வளைந்து தெரிகிறார்கள். பேச்சு நீள்கிறது. காட்சி மாறும் என்று நாம் நினைக்கும் இடத்தில் மாறுவதில்லை.

முதல் பத்து நிமிடத்தில் ‘இவர்களுக்குப் படம் எடுக்கத் தெரியாதோ’ என்று எனக்குத் தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ணம் எங்கே தவறு என்று கண்டுபிடிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

படத்தின் பெயர் ‘டூ லாஸ்’. இரண்டு சட்டங்கள். யான்யுவா மொழியில் ‘கன்யமர்தா யுவா’. 1981-ல் வெளிவந்த 16 மி.மீ. படம், ஓடும் நேரம் இரண்டு மணிக்கும் மேல். ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில், கார்ப்பென்டாரியா வளைகுடாவை ஒட்டிய போரலூலா என்ற ஊரின் பூர்வகுடி மக்கள், அலெசாண்ட்ரோ காவதீனி, கரோலின் ஸ்ட்ராகன் என்ற இரண்டு படக்காரர்களை வரவழைத்து எடுத்த படம். யார் யாரை வைத்து எடுத்தார்கள் என்று மாற்றிச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். தெரிந்தேதான் சொல்கிறேன்.

திரைப்பட வகுப்புகளில் இதைச் சோதனை முயற்சி ஆவணப்படம் என்று பட்டியலிடுவார்கள். வடிவத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் போரலூலாக்காரர்கள் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. நிலத்தைப் பற்றி யார் பேசலாம், யார் முன்னிலையில் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. கேமரா வந்ததும் அதையும் அந்தச் சட்டத்துக்கு உட்படுத்தினார்கள். சோதனைக்கு உள்ளானது சினிமாதான்.

கேமராக்கள் வந்து போன ஊர்

போரலூலா மெக்கார்தர் ஆற்றின் கரையில், கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல உள்ளே தள்ளி இருக்கிறது. வடக்குக் கரையின் பெரிய நகரமான டார்வினிலிருந்து சாலை வழியாக வந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆற்று முகத்துக்கு வெளியே ஒரு தீவுக்கூட்டம். 1802-ல் கப்பலில் அந்தப் பக்கம் வந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸ் அதற்கு ஒரு ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார். சர் எட்வர்ட் பெல்யூ தீவுகள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அவை யான்யுவா மக்களின் தீவுகள். இன்றைய இந்தோனேசியாவின் மகாசரிலிருந்து கடல் அட்டை பிடிக்க வந்த படகுக்காரர்களோடு பழக்கமும் கொடுக்கல் வாங்கலும் உள்ளவர்கள் அவர்கள். யான்யுவாக்கள் தங்களை ‘லி அந்தவிரியாரா’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கடலிலிருந்து உயிர்மூலம் பெற்றவர்கள் என்று அர்த்தம். கடல்பசு வேட்டையில் பேர்போனவர்கள். (நம் பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்பார்களே, அதே உயிரினம்தான்.) ஊரிலும் சுற்றுப்புறத்திலும் கர்வா, மாரா, குடஞ்சி மக்களும் இருக்கிறார்கள். படத்துக்குப் பின்னால் நிற்பது இந்த நான்கு மொழிக் கூட்டமும் சேர்ந்துதான்.

இந்த ஊருக்குக் கேமரா புதிதில்லை. 1901-ல் மானுடவியலாளர் பால்ட்வின் ஸ்பென்சரும் அவருடைய கூட்டாளி ஃபிராங்க் கில்லனும் தெற்கிலிருந்து கண்டத்தின் நடுப்பகுதி வழியாகப் பயணம் செய்து, சடங்குகளை சினிமாக் கருவியில் பதிவு செய்தார்கள். அந்தப் பயணம் முடிந்த இடம் போரலூலா. கப்பல் வராமல் மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டு, அந்த நேரத்தில் யான்யுவா, மாரா மக்களைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள். அப்புறம் அறுபதுகளின் தொடக்கத்தில் டேவிட் அட்டன்பரோ பிபிசிக்காக வந்தார். அவர் தேடி வந்தவர்களில் முக்கியமானவர்கள், நாகரிகத்தை விட்டு ஒதுங்கி இந்த ஊரில் தனியாக வாழ்ந்த வெள்ளைக்காரத் துறவிகள். ஊரில் ஒரு காலத்தில் பெரிய நூலகம் இருந்ததாம். கரையான் தின்று தீர்த்ததாம். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் அந்த மண்ணுக்குரியவர்கள் இந்தக் கதைகளில் ஓரத்தில் நிற்கும் ஆட்கள்.

கேமராவால் என்ன கெடும் என்பதும் பூர்வகுடி மக்களுக்கு நன்றாகத் தெரியும். 1940-ல் மத்திய பாலைவனத்துப் பெரியவர்கள் சார்ல்ஸ் மவுண்ட்ஃபோர்ட் என்ற மானுடவியலாளரை நம்பி, தீட்சை பெற்ற ஆண்களுக்கு மட்டுமே உரிய சில விஷயங்களைச் சொன்னார்கள், காட்டினார்கள். 1976-ல் அவை படங்களோடு புத்தகமாக வந்துவிட்டன. அந்தப் பாலைவனத்துப் பிட்ஜன்ஜாரா மக்கள் நார்தர்ன் டெரிட்டரி (போரலூலாவும் அடங்கிய வடக்குப் பிரதேசம்) உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் பெண்களும் பிள்ளைகளும் இதைப் பார்த்தால் சமூகமே குலையும் என்று வாதிட்டார்கள். நம்பிக்கையின் பேரில் சொன்னதை வெளியிடுவது நம்பிக்கை மீறல் என்ற அடிப்படையில் நீதிமன்றம் அந்தப் பிரதேசத்தில் விற்பனைக்குத் தடை போட்டது. ஆஸ்திரேலியச் சட்ட வரலாற்றில் இது சின்ன விஷயமில்லை. புனித நிலத்தைப் படம் எடுக்கிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது: அந்த நிலத்தில் எது மிக முக்கியமோ, பெரும்பாலும் அதைத்தான் காட்டக் கூடாது.

நிலம் என்றால் இங்கே என்ன

புனிதத் தலம் என்றதும் நம் மனதுக்கு ஒரு எல்லைச் சுவர், ஒரு வாசல், உள்ளே ஒரு கருவறை வந்துவிடும். போரலூலாப் பக்கம் அது வேறு மாதிரி. முன்னோர் உயிரினங்கள் நடந்தும் நீந்தியும் போன வழி முழுக்கப் புனிதம். புலிச்சுறா முன்னோர் கிழக்கே குவீன்ஸ்லாந்துப் பக்கத்திலிருந்து சைகஸ் கொட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தது. வியரியான் ஆற்றங்கரையில் மானன்குரா என்ற இடத்தில் அவற்றை ஊன்றியது. அங்கே இன்றும் சைகஸ் தோப்பு உண்டு. பனைபோலத் தெரியும், பனை கிடையாது. கொட்டை நஞ்சு. நீரில் ஊறப்போட்டு நஞ்சு நீக்கினால்தான் சாப்பாடு. அந்தப் பக்குவமும் புலிச்சுறாவின் கதையும் அந்தத் தோப்பும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாது.

இப்படி ஒவ்வொரு வழிக்கும் ஒரு நெடும்பாட்டு உண்டு. யான்யுவாவில் ‘குஜிகா’. வழியில் வரும் குன்று, குளம், மரம், மீன் என்று ஒவ்வொன்றையும் வரிசை தப்பாமல் பெயர் சொல்லிப் பாடிக்கொண்டே போவது. பாட்டு தெரிந்தவருக்கு நிலம் தெரியும். ‘யுவா’ என்பதை ஆங்கிலத்தில் சட்டம் என்று அவர்களே மொழிபெயர்க்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் பாட்டு, சடங்கு, உறவுமுறை, நிலத்தை நடத்தும் முறை எல்லாம் அடக்கம்.

படத்தைப் புரிந்துகொள்ள இன்னொன்றும் தெரிந்தாக வேண்டும். யான்யுவா நிலமும் மக்களும் நான்கு குலப் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு நிலத்துக்குத் தந்தை வழியில் உரியவர் ‘ஙிமரிங்கி’. அதே நிலத்துக்குத் தாய் வழியில் வருகிறவர் ‘ஜுங்காயி’. நம் பேச்சில் ஒருவரை உரிமைக்காரர் என்றும் மற்றவரைக் காவல்காரர் என்றும் சொல்லலாம், ஆனால் காவல்காரர் என்றதும் சம்பளத்துக்கு நிற்கும் ஆள் நினைவுக்கு வந்துவிடக் கூடாது. உரிமைக்காரர் தன் நிலத்தில் தன் இஷ்டப்படி எதையும் செய்துவிட முடியாது. சடங்கு சரியாக நடக்கிறதா, இடம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறவர் ஜுங்காயி. தட்டிக் கேட்கவும் அவருக்குத்தான் அதிகாரம். உங்கள் அம்மாவின் அப்பா ஊருக்கு நீங்கள் ஜுங்காயி. உங்கள் அப்பாவின் ஊருக்கு உங்கள் அத்தை பிள்ளைகள் ஜுங்காயி. ஒவ்வொருவரும் ஓரிடத்தில் உரிமைக்காரர், இன்னோரிடத்தில் காவல்காரர்.

இதிலிருந்து ஒரு நடைமுறை பிறக்கிறது. நிலத்தைப் பற்றி ஒருவர் தனியாக வாய் திறந்தால் அது வெறும் பேச்சு. உரியவர்கள் இருந்து கேட்டால்தான் அது சாட்சியம்.

லென்ஸைத் தேர்ந்தெடுத்தது யார்

காவதீனி இத்தாலிக்காரர், ஸ்ட்ராகன் ஆஸ்திரேலியர். 1972-ல் கான்பெரா நாடாளுமன்றத்தின் முன் பூர்வகுடியினர் கூடாரம் போட்டுப் போராடியதைக் காவதீனி படமாக்கியிருந்தார். பாம் தீவில் 1957-ல் நடந்த வேலைநிறுத்தத்தை, அந்தத் தீவு மக்களையே நடிக்க வைத்து மறுபடி நிகழ்த்திக் காட்டிய படமும் வந்திருந்தது. ஆக போரலூலாவுக்கு வந்தபோது இவர்கள் முற்றிலும் புதியவர்கள் இல்லை. வந்த இடத்தில் முதலில் நடந்தது, உறவுமுறையில் இவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தது. அது இல்லாமல் யாரும் யாரோடும் பேச முடியாது. யாருக்கு யார் என்ன முறை என்று தெரிந்தால்தானே யாரை நேராகப் பார்க்கலாம், யாரிடமிருந்து ஒதுங்க வேண்டும் என்று தெரியும். காவதீனி ஆண்களோடும் ஸ்ட்ராகன் பெண்களோடும் சேர்ந்தார்கள். இதைப் பண்பாட்டு மரியாதை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். யான்யுவா மொழியிலேயே ஆண் பேச்சும் பெண் பேச்சும் வேறு வேறு. ஒரே பொருளைச் சொல்லும் சொல்லின் முன்னொட்டே மாறும். பையன்கள் சிறுவயதில் அம்மாவின் பேச்சில் வளர்ந்து, தீட்சைக்குப் பிறகு ஆண் பேச்சுக்கு மாறுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆண் கேமராக்காரர் மட்டும் போயிருந்தால் பாதி ஊர் படத்தில் இருந்திருக்காது.

அப்புறம் லென்ஸ். படக்காரர்கள் பல லென்ஸ்களில் எடுத்துக் காட்டினார்கள். மக்கள் பார்த்துவிட்டு அகலக் கோண லென்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஒரு முடிவில்தான் முழுப் படமும் நிற்கிறது என்று நினைக்கிறேன். குளோசப் ஒரு முகத்தை மட்டும் பிடுங்கி எடுத்துவிடுகிறது. பக்கத்தில் யார் இருந்தார்கள், ஜுங்காயி இருந்தாரா, எந்த மண்ணில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. அவர்கள் கணக்கில் அது பாதிச் சாட்சியம். கையெழுத்து மட்டும் இருந்து, சாட்சிகள் கையெழுத்துப் போடாத பத்திரம்போல. அகல லென்ஸில் எல்லோரும் வந்துவிடுகிறார்கள், நிலமும் வந்துவிடுகிறது. ஓரத்தில் இருப்பவர் முகம் வளைந்து தெரிந்தால் தெரியட்டும், ஆள் இருந்தாரா இல்லையா என்பதுதான் விஷயம்.

கேமரா தரையில் உட்கார்ந்ததும் இதே காரணத்தால்தான். வட்டமாகப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் நின்றுகொண்டு மேலிருந்து பார்ப்பது எந்த ஊரிலும் மரியாதையாக இருக்காது. ஒலிப்பதிவுக் கருவிக்கும் கேமராவுக்கும் வட்டத்தில் ஆளுக்கோர் இடம் கிடைத்தது. அந்த இடத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதைத்தான் நாம் பார்க்கிறோம். எழுந்து சுற்றிவந்து வேறு கோணம் தேடும் உரிமை கேமராவுக்கு இல்லை. பேசுகிறவர்கள் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுவதும் அதனால்தான். வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைப் பார்த்துப் பேசுகிறார்கள், அவ்வளவே.

எந்தக் கதையைச் சொல்வது, யார் சொல்வது, எங்கே போய் எடுப்பது என்பதெல்லாம் கூட்டம் போட்டு முடிவானது. எடுத்ததைப் போட்டுப் பார்த்து அடுத்ததைத் தீர்மானித்தார்கள். ஒரு இயக்குநரின் பார்வை என்று சொல்கிறோமே, அதற்கு இங்கே வேலையே இல்லை.

நான்கு காலங்கள்

படம் நான்கு பகுதி: போலீஸ் காலம், நலத்துறைக் காலம், நிலத்துக்கான போராட்டம், இரண்டு சட்டங்களோடு வாழ்வது.

போலீஸ் காலம் 1933-ல் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றியது. ஸ்டாட் என்ற காவலர் மாடு கொன்ற புகாரை விசாரிக்கப் புறப்பட்டு, காட்டுக்குள் இருந்த மக்களைப் பிடித்து, அடித்து, சங்கிலியில் பிணைத்து நடத்திக்கொண்டு வந்தார். டாலி என்ற பெண் இறந்துபோனார். டார்வினில் வழக்கு நடந்தது. இந்தச் சம்பவத்தை மக்கள் மறுபடி நிகழ்த்திக் காட்டுகிறார்கள். 1933 என்று நம்பவைக்கும் ஜோடனை ஏதும் இல்லை. இன்னின்னார் இன்னாராக இருப்பார் என்று முதலில் பேசிக்கொள்கிறார்கள், பிறகு செய்துகாட்டுகிறார்கள். அடி விழுவது நடிப்பு என்பது பார்க்கிற நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நடிக்கிறவர்கள் யார்? அடிபட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் சிலர் பக்கத்திலேயே உட்கார்ந்து ‘இப்படி நடந்தது’ என்று சொல்கிறார்கள்.

ஐரோப்பிய நாடகம் படித்தவர்கள் இந்த இடத்தில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் பெயரை இழுப்பார்கள். பார்வையாளரை உணர்ச்சியில் மூழ்கவிடாமல் தள்ளிவைத்து யோசிக்கவைக்கும் உத்தி என்று. ஒற்றுமை இருப்பது உண்மைதான். ஆனால் எனக்கு நம் ஊர்ப் பஞ்சாயத்துதான் நினைவுக்கு வந்தது. ‘நீ அங்கே நின்றாய், நான் இங்கிருந்து வந்தேன், அப்போது அவன் கையை ஓங்கினான்’ என்று எழுந்து செய்துகாட்டுவார்களே. அங்கே யாரும் நடிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, நடந்தது சரியாகச் சொல்லப்படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நலத்துறைக் காலம் வேறு விதமான வன்முறை. சங்கிலி போய் ரேஷன் வந்தது. எங்கே வாழ்வது, என்ன வேலை செய்வது, எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அதிகாரிகள் சொல்லிக்கொடுத்தார்கள். மக்களைத் தங்கள் வசதிக்கு இடம் மாற்றினார்கள்.

மூன்றாம் பகுதிதான் நிலம் பற்றிய கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறது. 1976-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நார்தர்ன் டெரிட்டரிக்கு மட்டும் ஒரு பூர்வகுடி நில உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் முதன்முதலில் விசாரணைக்கு வந்த கோரிக்கை போரலூலாவுடையது. நீதிபதி டூஹி, 1977. சட்டத்தின்படி மரபு உரிமையாளர் என்று நிரூபிக்க, ஒரு வம்சக் குழுவாக இருக்க வேண்டும், நிலத்தில் உள்ள ஒரு புனிதத் தலத்தோடு பொதுவான ஆன்மிகத் தொடர்பும் அந்தத் தலத்துக்கும் நிலத்துக்கும் முதன்மையான ஆன்மிகப் பொறுப்பும் இருக்க வேண்டும். படிக்கும்போது நல்ல சட்டமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பொறுப்பை வக்கீல்கள் முன், ஆங்கிலத்தில், குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லி நிரூபிக்க வேண்டும். பாட்டு தெரிகிறது என்று காட்ட, பாடக் கூடாத பாட்டைப் பாட வேண்டுமா? ஆண்கள் மட்டும் அறியலாம் என்பதைப் பதிவேட்டில் ஏற்றலாமா? உரிமைக்காரரும் காவல்காரரும் சேர்ந்தால்தான் நிலம் என்ற கணக்கும் அந்த ஆரம்பகால வழக்குகளில் சரியாக எடுபடவில்லை. தந்தை வழியை மட்டும் உரிமையாகப் பார்க்கும் போக்குதான் இருந்தது.

1978-ல் அறிக்கை வந்தது. வாண்டர்லின், வெஸ்ட் ஆகிய தீவுகளும் ஊரை ஒட்டிய நிலத்தில் ஒரு பகுதியும் மக்களுக்குக் கொடுக்கப் பரிந்துரை. சென்டர் தீவு, சவுத் வெஸ்ட் தீவு உள்ளிட்டவை இல்லை. அந்தத் தீவுகளுக்காக மறுபடி வழக்கு போட்டு, தொண்ணூறுகளில் மறுபடி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

இந்த விசாரணை முடிந்து சில வருடத்துக்குள் எடுத்த படம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், படத்தின் வடிவம் வேறு மாதிரி தெரிகிறது. விசாரணையில் சாட்சியம் வக்கீல்களின் கேள்விக்குப் பதிலாகத்தான் வந்தது. பதிவானது சொல் மட்டும், மண் பதிவாகவில்லை. படத்தில் அதே சாட்சியத்தை அவர்களுடைய முறைப்படி, உரியவர்கள் சூழ, உரிய இடத்தில் உட்கார்ந்து திரும்பச் சொல்கிறார்கள். ஒரு வகையில் இந்தப் படம் பாதி தோற்ற வழக்கின் மேல்முறையீடு. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் நாம்.

காட்டாமல் விட்டது

புனித நிலத்தைப் பற்றிய படம் என்று போனால் நீங்கள் எதிர்பார்க்கும் காட்சிகள் இங்கே குறைவு. சூரியன் மறைவதற்கும் பாறை சிவப்பதற்கும் காத்திருக்கும் கேமரா இல்லை. வானிலிருந்து ஆறு பாம்பாக நெளிவதைக் காட்டும் ஷாட்டுக்காகப் படம் அலையவில்லை. பூர்வகுடி நிலம் பற்றிய படங்களில் பாதிக்கு மேல் இந்த மயக்கத்தில்தான் ஓடுகின்றன. நிலம் அழகாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஆள் இல்லாத நிலம் என்ற அந்தப் பொய்யை வைத்துத்தான் அந்தக் கண்டத்தையே எடுத்துக்கொண்டார்கள் என்பதை யோசித்தால் அந்த அழகு கொஞ்சம் கசக்கும். இந்தப் படத்தில் நிலம் எப்போதும் பேசுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், காலுக்குக் கீழே இருக்கிறது. அதைத் தனியாகப் பார்க்க நமக்கு அனுமதி கிடையாது.

பெண்களும் ஆண்களும் உடலில் பூசிக்கொண்டு ஆடும் காட்சிகள் வருகின்றன. வெளியார் பார்க்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தவை அவை. எது நமக்குக் காட்டப்படவில்லை என்பது நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் சரி.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது ஊருக்குத் தெரியும். நமக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாதிதான் பிடிபடும். நலத்துறைப் பகுதி இழுக்கிறது. கூட்டாக எடுத்த படம் என்று சொன்னாலும் கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டு வெளியாட்கள்தான். அந்த ஏற்றத்தாழ்வு உட்கார்ந்ததால் மட்டும் மறைந்துவிடாது. பிற்காலத்தில் யான்யுவா மக்கள் தங்கள் படங்களையும், நெடும்பாட்டுகளை வைத்து அசைவூட்டப் படங்களையும் உருவாக்கினார்கள். டார்வின் பக்கத்து காரபிங் கூட்டுக் குழு செல்போனிலேயே படம் எடுத்து உலக விழாக்களுக்குப் போனது. அவற்றோடு வைத்துப் பார்த்தால் 1981-ன் படம் ஒரு இடைப்பட்ட காலத்துப் படம். ஆனாலும் லென்ஸ் விஷயத்தில் அவர்கள் எடுத்த அந்த முடிவுக்குச் சமமாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

அதே ஆறு, பிறகு

படம் எடுத்தபோதே தலைக்கு மேல் தொங்கிய கத்தி ஒன்று இருந்தது. 1955-ல் மவுண்ட் ஐசா மைன்ஸ் நிறுவனத்தார் மெக்கார்தர் ஆற்றோரம் துத்தநாகமும் ஈயமும் வெள்ளியும் கலந்த பெரிய தாதுப் படிவத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘ஹியர்ஸ் யுவர் சான்ஸ்’. இதோ உனக்கு ஒரு வாய்ப்பு! குடஞ்சி மக்களுக்கு அந்த இடம் பரமுண்டி மீன் முன்னோரின் தலம். தாது மிக நுண்ணிய துகளாகக் கலந்திருந்ததால் பிரித்தெடுக்கும் வழி தெரியாமல் நாற்பது வருடம் போயிற்று. நிறுவனத்துக்குக் கடலோரத்தில் துறைமுகமும் தேவைப்பட்டது. சென்டர் தீவு ஏன் கிடைக்கவில்லை என்று ஊர் பேசியபோது இந்தத் துறைமுகத்தையும் சேர்த்தே பேசியது.

1995-ல் பூமிக்கு அடியில் சுரங்கம் தொடங்கியது. பத்து வருடத்தில் அதைத் திறந்தவெளிச் சுரங்கமாக மாற்ற வேண்டும் என்றார்கள். தாது ஆற்றுக்கு அடியில் இருந்தது. ஆகவே ஆற்றை நகர்த்த வேண்டும்: 5.5 கிலோமீட்டருக்குப் புது வாய்க்கால் வெட்டி மெக்கார்தர் ஆற்றைத் திருப்புவது. வானவில் பாம்பு என்ற முன்னோர் உயிரினம் படுத்திருக்கும் ஆறு அது, பாம்பின் உடலை வெட்டாதீர்கள் என்று மக்கள் சொன்னார்கள். 2006 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2007 ஏப்ரல் 30-ல் நார்தர்ன் டெரிட்டரி உச்ச நீதிமன்றம் அனுமதி செல்லாது என்றது.

அந்த வாரமே பிரதேச அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. நீதிமன்றம் செல்லாது என்றதைச் செல்லும் என்று ஆக்கும் மசோதா. ஆளுங்கட்சி உறுப்பினர்களில் மலர்ன்டிரி மெக்கார்த்தி என்பவர் இருந்தார். போரலூலாவில் வேரூன்றிய யான்யுவாப் பெண். ‘டூ லாஸ்’ வெளிவந்தபோது சிறுமி. இன்று அவர் ஆஸ்திரேலிய மத்திய அரசில் பூர்வகுடி விவகார அமைச்சர். அன்று முதல்முறை சட்டமன்றம் போனவர். கட்சி மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போடுவது அவர்கள் வழக்கத்தில் பெரிய மீறல். ஓட்டெடுப்பின்போது அவரும் இன்னும் இரண்டு பூர்வகுடி உறுப்பினர்களும் தங்கள் இருக்கையை விட்டு எழுந்து, அவையைக் குறுக்கே கடந்து, எதிர்வரிசைப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

மசோதா நிறைவேறியது. மெக்கார்தர் ஆறு இப்போது வெட்டிய வாய்க்காலில் ஓடுகிறது. பழைய படுகை இருந்த இடத்தில் குழி. பரமுண்டியின் தலம் கழிவுப் பாறை மேட்டுக்குப் பக்கத்தில்.